ஆடாத கைகள்

இரண்டு கைகளையும் முன்னால் நீட்ட வேண்டும். மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரித்து, சாலை நடுவே நின்று போலீஸ்காரர் லாரியை மறிப்பாரே, அந்த மாதிரி பிடிக்க வேண்டும். தலை தெளிவாக இருக்கிறவருக்குக் கைகள் அப்படியே நிற்கும். தெளிவில்லாதவருக்குக் கொஞ்ச நேரத்தில் கை மணிக்கட்டோடு தொய்ந்து விழும். விழுந்தவுடன் திடுக்கென்று எழும். மறுபடி விழும். சிறகு முளைக்காத குஞ்சு பறந்து பார்ப்பது போல இருக்கும்.

தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் விடிந்ததும் நடக்கிற முதல் காரியம் இதுவாகிவிட்டது. அம்மா அடுப்பில் தேத்தண்ணி வைப்பார். நான் அப்பாவுக்கு எதிரே மணைப்பலகையைப் போட்டு உட்காருவேன்.

"கைய நீட்டுங்கப்பா."

"எதுக்கு வாத்தியாரே, பெரம்படியா?"

பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர், பள்ளிப் பிள்ளையைப் போல உள்ளங்கையை மலர்த்திக் காட்டுவார். "அப்படி இல்லப்பா, திருப்பிப் பிடிங்க" என்று நான் சொல்ல வேண்டும். தினமும் அதே விளையாட்டு. விளையாட்டு மறந்துபோய்ச் சும்மா நீட்டினார் என்றால் அன்றைக்கு நான் வீட்டை விட்டு நகரமாட்டேன்.

கைகள் நின்றால் அன்றைக்கு அவர் அப்பா. ஆடினால் வேறு யாரோ. அப்படித்தான் நான் பிரித்து வைத்திருந்தேன். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போவேனா, தேயிலைச் செடிகளுக்கு நடுவிலேயே நின்றுவிடுவேனா என்பதும் அந்தக் கைகளிடம்தான் இருந்தது. அதை நான் புரிந்துகொண்டபோது கல்லூரிக்கு என் இடத்தில் வேறு பையன் போய்விட்டான்.

அப்பா தோட்டத்துப் பேக்டரியில் டிரையர் ஆள். பச்சையாய் வந்து, வதங்கி, அரைபட்டு, புளித்து நிற்கிற இலையை அனலில் காயவைக்கும் இயந்திரம் அது. சூடு ஏறினால் இலை கருகும், இறங்கினால் ஊசிப்போகும். அனலுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று மலைக்குளிர் தெரியாத மனிதர் எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அவர் ஒருவர்தான்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, தானா ராத்தாவில் இடைநிலைப்பள்ளிக்கு முந்தின புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது லயமே சிரித்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, வெளிக்காட்டில் கங்காணி. அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கேலி உண்டு.

"ஏன் மச்சான், மருமவன் படிச்சு துரையா வரப்போறானா?"

"துரையா ஆவ வேணாம் மாப்ள. துரைக்கு முன்னால தொப்பியக் கழட்டாத ஆளா ஆனா போதும்."

அந்த வாரமே அப்பா கோவிலில் சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். இரண்டு சத்தியம். இனிச் சம்சு சாராயத்தைத் தொடுவதில்லை என்பது ஒன்று. மகன் பேர் இந்தத் தோட்டத்தில் பதியக் கூடாது என்பது மற்றொன்று. பேர் பதிவது என்றால் தோட்டத்து ஆளாகச் சேர்வது. வீட்டில் ஒருத்தர் பேராவது பதிந்திருந்தால்தான் லயத்தில் வீடு. எங்கள் வீட்டில் அப்பாவின் பேர் மட்டும்தான் இருந்தது. அம்மா சரிவில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட பிறகு கொழுந்துக்குப் போவதில்லை. அம்மாவுக்கு முதல் சத்தியம் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு இரண்டாவது.

எழுபதுகளின் கடைசியில் நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்து, பயிற்சிக் கல்லூரிக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அப்போதுதான் அப்பாவிடம் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிய ஆரம்பித்தன. பகலில் தூங்கினார், ஊர் தூங்கும்போது விழித்துக்கொண்டிருந்தார். சட்டைக்கு மேல் பனியனைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். தேத்தண்ணிக்கு உப்பைப் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, "இன்னிக்கு நல்லா இருக்கு" என்றார். பேச்சு குழறியது. நடை தள்ளாடியது. ஒருநாள் டிரையருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டார்; இலை முழுதும் கருகிப்போய், பேக்டரி எல்லாம் புகை.

கிராணி கூப்பிட்டு விட்டார். ஆபீசில் பெயர்களையும் வேலைகளையும் பார்க்கிறவர் அவர்.

"என்னய்யா, மாபோக்கா? குடிச்சிட்டா வந்திருக்க?"

"இல்லைங்கய்யா. சத்தியமா இல்லைங்க."

சொன்ன வார்த்தையே வழுக்கிக்கொண்டு வந்ததாம். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

அம்மா அவர் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். ஒரு வாடை இருந்தது, நானும் மோந்தேன். அழுகின பழத்தில் லேசாகப் பூஞ்சை பிடித்த மாதிரி, இனிப்பும் கெட்டதும் சேர்ந்த வாடை. அம்மா அதைச் சம்சு என்றே முடிவுகட்டினார்.

"சூடம் அணைச்ச கையாச்சே அது. அந்தக் கையாலயே ஊத்திக் குடிச்சியா?"

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அன்றிலிருந்து அவருக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் புறக்கடைக்குப் போய்விடுவார். மாமா மட்டும் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார்.

"எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க மச்சான்? எனக்கும் ஒரு சொட்டு குடுத்தா என்னலா?"

அப்பாவின் வயிறு உப்பி, கண் மஞ்சளித்து, பாதம் வீங்கிய பிறகுதான் அவரைத் தானா ராத்தாவுக்குக் கொண்டுபோனோம். டாக்டர் இளவயதுக்காரர். அப்பாவின் முகத்தருகே குனிந்து, அம்மா மோந்த மாதிரியே மோந்தார். பிறகு கைகளை நீட்டச் சொன்னார். கைகள் அந்தக் குஞ்சின் சிறகாக அடித்துக்கொண்டன. டாக்டர் என்னிடம் மலாயில் சொன்ன முதல் வாக்கியம், "உன் அப்பா குடிக்கவில்லை."

நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஈரல் கெட்டுப்போயிருக்கிறது என்றார் டாக்டர். முன்பு குடித்ததாலா, சின்ன வயதில் வந்த காமாலையாலா, அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. நாம் சாப்பிடுகிற கறி, மீன், முட்டை எல்லாம் குடலில் செரிக்கும்போது அமோனியா உண்டாகிறது. நல்ல ஈரல் அதைப் பிடித்து மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். கெட்ட ஈரலால் முடியாது. அது இரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகிறது. முதலில் தூக்கத்தைக் குழப்பும். பிறகு கையை ஆட்டும், பேச்சைக் குழப்பும், நாளை மறக்கடிக்கும், ஆளை மறக்கடிக்கும். கடைசியில் எழுப்ப முடியாத தூக்கம்.

அமோனியா என்றதும் எனக்குப் பள்ளிச் சோதனைக்கூடம் ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு உரக்கொட்டகை. மழைக்காலத்தில் மூட்டை நனைந்தால் கண்ணைக் கரிக்கும் அந்த நெடி.

"உரமா? என் தலைக்குள்ளயா?" அன்று கொஞ்சம் தெளிவாக இருந்தார். வழுக்கையைத் தடவிக்கொண்டார். "அப்ப முடி நல்லா வளரணுமேலா!"

அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். "பேக்டரில பொகைய வெளிய தள்ளுற காத்தாடி நின்னுபோனா என்னப்பா ஆவும்?"

"பொகை உள்ளுக்குள்ளயே சுத்தும். எலையில ஏறிடும். அப்புறம் என்ன பண்ணாலும் தேத்தண்ணியில பொகை வாசம்தான்."

"அதான்பா உங்களுக்கு. ஈரல்தான் காத்தாடி."

அவர் "பழுது பாக்க முடியாதா?" என்று கேட்டார். டாக்டரிடம் நான் அதைக் கேட்டேன். டாக்டர் பதிலாக ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

கெட்டியான பாகு. தித்திப்பென்றால் அப்படியொரு தித்திப்பு. வேலையெல்லாம் குடலில்தான், வயிற்றை இளக்கி, விஷத்தை இரத்தத்தில் ஏறவிடாமல் கீழே இறக்கிவிடும். ஒருவேளையும் தவறக் கூடாது. மலச்சிக்கல் வரவே கூடாது. கறி வகை மிகவும் குறைவு. இவ்வளவுதான் வைத்தியம். பார்த்துக்கொள்ளும் பொறுப்பை டாக்டர் என்னிடம் கொடுத்தார், படித்த பையன் என்று.

சொல்ல எளிதாக இருந்தது. எங்கள் லயத்துக்குக் கக்கூஸ் வெளியே, வாழைகளுக்கு அப்பால், வரிசையாகத் தகரக் கதவு. மேலே போகிற வழி முழுதும் செம்மண் சேறு. பாகு குடித்த மனிதர் மழையிலும் குளிரிலும் குடையோடு அந்த வழியில் போய்ப் போய் வந்தார். அந்தப் பக்கத்து வீட்டார் வாசலில் உட்கார்ந்து, "என்னண்ணே, பெரட்டு அங்கதான் போடுறாங்களா இப்ப?" என்று கேட்பார்கள். விடிகாலையில் ஆள் எடுக்கும் இடத்தைத்தான் பெரட்டு என்போம். அப்பா அதற்கும் சிரிப்பார். ஆனால் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இளைத்துப்போன ஆளுக்குப் பேதிக்குக் கொடுக்கிற வைத்தியம் என்ன வைத்தியம் என்று அவருக்கு மனம் ஒப்பவே இல்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடு அறுத்துக் கூறு போடும்போது ஈரலை மட்டும் கூறில் சேர்க்கமாட்டார்கள். தனியாக வாழை இலையில் சுற்றி வைப்பார்கள். லயத்தில் பிள்ளை பெற்றவள் இருந்தால் அவளுக்கு. இல்லாவிட்டால் நோயாளி வீட்டுக்கு. அதற்குக் காசு கிடையாது. கேட்க வேண்டியதும் இல்லை. அதாகவே வீடு தேடி வரும்.

அப்பாவுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று தெரிந்ததும் லயமே ஒரு மனதாகிவிட்டது. கெட்டது ஈரல், அப்போது கொடுக்க வேண்டியதும் ஈரல்தானே? இதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அவரைக் குடிகாரர் என்று சிரித்தவர்களெல்லாம் இப்போது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இலைப்பொட்டலத்தோடு வந்தார்கள். மாமா முதலில் வந்தார்.

"மச்சான், அன்னிக்கு நான் பேசுனத மனசுல வச்சுக்காதீங்க. இந்தாங்க, இளங்கிடா. ஆக்கி மொளவு தூக்கலாப் போட்டுச் சாப்புடுங்க. ஈரலுக்கு ஈரல்தான் ஊறும்."

"மாமா, டாக்டர் கறி கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றேன்.

"ஈரல் கறியா மருமவனே? அது மருந்துலா. ஒங்க டாக்டருக்கு என்ன தெரியும், அவரு பாட்டில்ல தண்ணி குடுக்குறவரு."

அம்மா என்னைப் பார்க்காமல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஒவ்வொரு முறை ஈரல் வந்து போன பிறகும் அப்பாவின் கைகள் ஆடின. நான் சொன்னேன். அம்மா கேட்டார்; தலையாட்டினார். அடுத்த பொட்டலம் வந்தபோது திரும்பவும் அடுப்பை மூட்டினார். கொண்டுவந்தவர்கள் முகத்தில் அடித்த மாதிரி திருப்பி அனுப்புகிற வீடு எங்கள் லயத்தில் கிடையாது.

தீபாவளி வந்தது. ஏகப்பட்ட ஆடு. எந்தெந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரியாத அளவுக்கு இலைப்பொட்டலங்கள். பண்டிகை நாளும் அதுவுமாகக் கக்கூசுக்கு ஓட வேண்டாம் என்று அம்மா பாகு பாட்டிலை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டார். நான் தேடினேன். "நாளைக்குக் குடுப்பா, இன்னிக்கு ஒரு நாளு அவரு மனுசனா இருக்கட்டும்" என்றார். அப்பா புதுச் சட்டையோடு உட்கார்ந்து, வந்தவர்களோடு பேசி, எல்லார் வீட்டு ஈரலையும் ருசி பார்த்து, "ஒங்க வீட்டுது பஞ்சு மாதிரி இருக்குங்க" என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

பண்டிகை முடிந்து, மழை விட்டு வெயில் அடித்த ஒரு பிற்பகல். நான் தானா ராத்தாவுக்குப் போய்விட்டு வெள்ளைச் சட்டையும் காற்சட்டையுமாகத் திரும்பி வந்தேன். அப்பா பலகைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கய்யா. ஒக்காருங்க."

"அப்பா, நான்தான்."

"தெரியாமலா? கிராணி ஐயாவத் தெரியாமலா?" தொப்பி கையில் துடித்துக்கொண்டிருந்தது. "ஒங்களையே பாக்கணும்னு இருந்தேன். எனக்கு முடியலைங்கய்யா. அதுக்காக என் மவன் பேரப் பதிஞ்சிராதீங்க. அவன் படிக்கிற பையன். என் பேர வெட்டிருங்க. வீட்டையும் எடுத்துக்குங்க. நாங்க எங்கயாச்சும் ஒண்டிக்குவோம். அவன் பேரு மட்டும் வேணாங்கய்யா."

தொப்பி கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. என் கையையே பார்த்தார்.

"என்னமோ எழுதுறீங்களே?"

என் கையில் ஒன்றுமில்லை.

"எழுதலைங்க" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமாங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார், சாய்ந்தார், தூங்கினார். பிறகு எழுப்ப முடியவில்லை. அடுப்படி வாசலில் நின்றிருந்த அம்மா கையிலிருந்த ஈரல் சட்டியை அப்படியே வெளியே கொண்டுபோய்க் கொட்டினார். கோலா தெர்லாவிலிருந்து கோசு ஏற்றி வந்த லாரி ஒன்றை மாமா மறித்து, ஓட்டுநரிடம் கெஞ்சி, அப்பாவை முன்னால் சாய்த்து உட்கார வைத்துக் கொண்டுபோனார். வழியெல்லாம் "நான்தானேலா குடுத்தேன், நான்தானே குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்பா பிழைத்தார். ஆஸ்பத்திரியில் குடலைக் கழுவி, மூக்கு வழியாகப் பாகை இறக்கி, தூக்கத்திலிருந்து அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தார்கள். கண் விழித்து என்னைப் பார்த்து, "வாத்தியாரே, எப்ப வந்தே?" என்று கேட்டார். நான் வெளியே போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு என்ன பேசுனீங்கன்னு ஞாபகம் இருக்காப்பா?" என்றேன். இல்லை என்றார். நான் சொல்லவில்லை. அந்தப் பேச்சை எனக்கே எனக்கென்று வைத்துக்கொண்டேன். அறிவெல்லாம் கலங்கிப்போன நேரத்திலும் என்னை மட்டும் விட்டுக்கொடுக்காத மனிதர் என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். டிரையர் பக்கம் இனி அவர் போகக் கூடாது. இந்த மயக்கம் திரும்பத் திரும்ப வரும். பாகு இருக்கிற வரையில் திரும்பத் திரும்ப மீட்கலாம்.

வேலை இல்லை என்றால் பேர் இல்லை. பேர் இல்லை என்றால் வீடு இல்லை. துரை நல்ல மாதிரி, மாத முடிவுவரை இருக்கட்டும் என்றார். அந்த நேரத்தில்தான் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். மாமா தன் வீட்டுப் பின்பக்கத்து அறையைக் காலி செய்து தருவதாகச் சொன்னார். "அக்காவும் மச்சானும் எங்கூட இருக்கட்டும். மருமவன் போயிட்டு வாத்தியாரா வரட்டும். கெட்டதெல்லாம் நான் குடுத்த ஈரலால வந்தது, இது கூடச் செய்யலன்னா நான் என்ன மனுசன்?" அம்மா தலையசைத்தார். அப்பா எதுவும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

பிறகு அந்தக் காலை. பனி இறங்கி எதிர் லயமே தெரியவில்லை. நான் பலகையைப் போடுவதற்கு முன்பே அப்பா எழுந்து, முகம் கழுவி, திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலே இரண்டு கைகளையும் நீட்டினார். சரியாகத் திருப்பி, மணிக்கட்டை மடக்கி, விரல்களை விரித்து.

"பாரு. ஆடுதா?"

"இல்லப்பா."

"நல்லாப் பாரு."

நல்லாப் பார்த்தேன். அடுப்பு வெளிச்சத்தில் பத்து விரலும் செதுக்கி வைத்தது போல நின்றன.

"இன்னிக்கு என்ன கெழமை, கேளு."

கேட்டேன். சரியாகச் சொன்னார். "சரி வா. பெரட்டுக்குப் போவோம். கூட்டாளிங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வரணும்."

விடைபெறத்தான் போகிறார் என்று நினைத்து, சட்டைக்கு மேல் சட்டை போட்டு, தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்கள் கூடையும் கொழுந்து வெட்டும் கத்தரியுமாக நின்றார்கள். மாமா தன் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். கிராணி மேசையருகே டார்ச் விளக்கோடு நின்றார். அப்பா என் கையை விட்டுவிட்டு நேராக அவர் முன்னால் போனார். தொப்பியைக் கழற்றினார்.

"ஐயா, என் பேர எடுத்துட்டு என் மவன் பேரப் போட்டுக்குங்க."

கிராணி டார்ச்சை என் முகத்தில் அடித்தார். "பையன் காலேஜ் போறான்னாங்களே?"

"போவலைங்க. பதிஞ்சுக்குங்க."

மாமாதான் ஓடிவந்தார். "ஐயா, அவரு சொல்றத எடுத்துக்காதீங்க, அவருக்கு இன்னும் சரியாவல, மண்டையில வெசம் ஏறியிருக்கு..." என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சொல்லேன் மருமவனே! காலையில கை பாத்தியே, ஆடுச்சின்னு சொல்லேன்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். பயிற்சிக் கல்லூரி, என் ஐந்தாம் படிவம், புகுமுக வகுப்பு எல்லாம் அந்த ஒரு பதிலில் இருந்தது. ஆடியது என்று நான் சொல்லியிருந்தால் கிராணி நம்பியிருப்பார். ஆனால் அப்பா அதையும் யோசித்து வைத்திருந்தார். நான் பொய் சொல்லமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அவர்தானே வளர்த்தார். அதற்காகத்தான் விடியுமுன்னே எழுந்து என்னை நன்றாகப் பார்க்கச் சொன்னார்.

"ஆடல" என்றேன்.

திரும்பி வரும்போது ஈரமான பாதையில் அவரைத் தாங்கிக்கொண்டுதான் வந்தேன். வாழைமரத்தடியில் நின்று கேட்டேன்.

"ஏம்பா?"

"மச்சினன் வீட்டுப் பின்கட்டுல கெடந்து நான் சாவ மாட்டேன். எம் பொணம் எம் வாசல்லேருந்து போவணும்."

"சூடம் அணைச்சீங்களேப்பா."

"ஆமா" என்றார். அவ்வளவுதான்.

அம்மா இன்றுவரை நம்பவில்லை. "அது ஒங்கப்பா பேசல தம்பி, அந்த அமோனியா பேசுச்சு" என்பார். லயத்திலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். பாவம், சித்தம் கலங்கிப் பெற்ற பிள்ளையையே மாட்டிவிட்டார் என்று. யார் கேட்டாலும் நானும் "ஆமாங்க, நோய்தான்" என்றுதான் சொல்கிறேன்.

என்னைக் கத்தரிக் கூட்டத்தில் போட்டார்கள். செடியின் மேல்மட்டத்தை, வெட்டிய கொழுந்து விழுகிற பெட்டிவைத்த கத்தரியால் வெட்டிக்கொண்டே சரிவில் ஏற வேண்டும். மாமாதான் கங்காணி. முதல் வாரம் அவர் என் முகத்தைப் பார்க்காமலே வேலை சொன்னார்.

அப்பா அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இருந்தார். டாக்டர் சொன்ன மாதிரி மயக்கம் வந்து வந்து போயிற்று. ஒவ்வொரு முறை வரும்போதும் அவருக்கு நான் கிராணி ஆகிவிடுவேன். தோட்டத்துச் சேறு காயாத காலோடு, கத்தரியை மூலையில் சாய்த்துவிட்டு நான் உள்ளே வரும்போது அவர் தடுமாறி எழுந்து நின்று தொப்பியைக் கழற்றுவார்.

"ஐயா, என் மவன் பேர மட்டும் பதிஞ்சிராதீங்க."

"பதியலைங்க."

"அவன் படிக்கிற பையன்."

"தெரியுங்க. பதியமாட்டேன்."

அந்த அப்பாவை எனக்குப் பிடித்திருந்தது. அமோனியா ஏறிய அந்தத் தலைக்குள்தான் என்னைக் கைவிடாத மனிதர் இருந்தார். தெளிந்து உட்காருகிறவரோ, என்னை யோசித்து, நிதானமாக, கையை நீட்டிக் காட்டி விற்றவர். பாகைக் கொடுத்தால் இவர் போய் அவர் வருவார். பாட்டில் என் பொறுப்பில் இருந்தது.

ஒவ்வொரு முறையும் கொடுத்தேன். கரண்டியில் ஊற்றி, தாடையைப் பிடித்து, சிந்தாமல் கொடுத்தேன். கிராணி ஐயா கையாலேயே மருந்தா என்று கூச்சப்பட்டுக்கொண்டே விழுங்குவார். பிறகு தோளில் கைபோட்டு அந்தச் சேற்று வழியில் கூட்டிக்கொண்டு போவேன், தகரக் கதவுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இரண்டொரு நாளில் கைகள் நின்றுவிடும். அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து, தேத்தண்ணியை ஒரு சொட்டு தளும்பாமல் வாங்கிக்கொள்வார். ஊதிக் குடித்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல் கேட்பார்.

"இன்னிக்கு எந்த மலையில வெட்டு?"

நான் சொல்வேன்.